கேட்டுப் பெற்றதும் கேளாமல் பெற்றதும்: உலாவி, உணரி, தனியுரிமை

சற்று நீண்ட பதிவு. பொறுமையுள்ளோர் தொடர்க.

2009ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் இரண்டு மென்பொருள்கள் வெளியாயின. ஒன்று மொசில்லாவின் ஃபயர்ஃபாக்ஸ் 3.5, மற்றொன்று ஆப்பிளின் ஐபோன் இயங்குதளம் 3.0. இரண்டின் வழியாகவும் உலாவிக்குள் ஒரு புதிய கேள்வி நுழைந்தது: இந்த இணையத்தளம் உங்கள் இருப்பிடத்தை அறிய விரும்புகிறது, அனுமதிக்கிறீர்களா? பயனர் சம்மதித்தாலொழிய இருப்பிடத் தரவு வெளியே செல்லாது. ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு கழித்து, 2010 நவம்பரில் வந்த ஐ.ஓ.எஸ். 4.2இல் சஃபாரி உலாவி மற்றுமொரு திறனைப் பெற்றது. பேசியின் சாய்வையும் அசைவையும் அளக்கும் உணரிகளை இனி இணையத்தளங்கள் படிக்கலாம். இதற்கு எந்தக் கேள்வியும் கேட்கப்படவில்லை. கேட்டாக வேண்டும் என்று ஆப்பிள் முடிவுசெய்ய 2019 வரை காலம் பிடித்தது.

ஒரே கருவி, ஒரே உலாவி. ஒன்றுக்குக் கேள்வி, மற்றொன்றுக்கு மௌனம். இந்த வேறுபாடு எதனால் வந்தது, அதைத் திருத்தும் முயற்சிகள் எவ்வழியில் சென்றன என்பதே இப்பதிவின் பொருள். மொழியியல் பயின்றவர்களுக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். ஒப்புதல் என்பது ஒரு மொழிச்செயல். என்ன கேட்கப்பட்டது, கேட்டவர் எதைப் புரிந்துகொண்டார் என்பவற்றைப் பொறுத்தே அது செல்லும் அல்லது செல்லாது போகும். ஆகவே இவ்வரலாற்றைப் பொறியாளர்களிடம் மட்டும் விட்டுவிடுவதற்கில்லை என்றே கருதுகிறேன்.

முதலில் இருப்பிடம். இதன் தரநிலையை உருவாக்கிய டபிள்யூ3சி குழுவில் தொடக்கம் முதலே பூசல் இருந்தது. இணையப் பொறியியல் பணிக்குழுவின் ஜியோபிரிவ் எனும் பிரிவினர் வேறொரு யோசனையை முன்வைத்தனர். எவ்வளவு காலம் வைத்திருக்கலாம், பிறருக்குத் தரலாமா என்னும் விதிகள் தரவோடு ஒட்டியே செல்ல வேண்டும் என்பது அவர்கள் வாதம். டபிள்யூ3சி குழு அதை ஏற்கவில்லை. உலாவி ஒருமுறை கேட்கும். அதற்குப்பின் தளத்தின் பொறுப்பு என்று முடித்துக்கொண்டது. பெர்க்லியைச் சேர்ந்த நிக் டோட்டி, டெய்ட்ரி மல்லிகன், எரிக் வில்டே ஆகியோர் 2010இல் இவ்வேற்பாட்டை விரிவாக ஆராய்ந்து, மாற்றங்களைப் பரிந்துரைத்தனர். எனினும் ஒன்றை மறுக்கவியலாது: இருப்பிடம் ஆபத்தானது என்பதில் இரு தரப்பாருக்கும் ஐயமே இல்லை. சண்டை, பாதுகாப்பு எவ்வளவு என்பதைப் பற்றியது மட்டுமே.

அசைவு குறித்து அத்தகைய சண்டைகூட நிகழவில்லை. காரணம் எளிது. 'இருப்பிடம்', 'ஒளிப்படக்கருவி', 'ஒலிவாங்கி' ஆகிய சொற்கள் அன்றாட வாழ்வில் ஏற்கெனவே அச்சத்தைச் சுமந்தவை. ஒருவர் எங்கே இருக்கிறார், என்ன பேசுகிறார் என்பதை ஒற்றறிதல் பழங்காலத்துத் தொழில். 'முடுக்கமானி', 'சுழல்மானி' என்பவற்றைச் சுற்றி அப்படியொரு நினைவு இல்லை. அவை மூன்று அச்சுகளில் மூன்று எண்களைத் தருகின்றன. விளையாட்டில் வண்டியைச் சாய்க்கவும், படத்தைத் திருப்பவும், வரைபடத்தைச் சுழற்றவும் அவை பயன்பட்டன. மூன்று எண்களில் என்ன அந்தரங்கம் இருந்துவிடப் போகிறது?

இருந்தது. 2011இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தைச் சேர்ந்த லியாங் காய், ஹாவ் சென் இருவரும் டச்லாகர் என்ற செயலியை உருவாக்கிக் காட்டினர். தொடுதிரையின் இடக்கோடியில் விரல் பட்டால் பேசி ஒரு விதமாகவும், வலக்கோடியில் பட்டால் வேறு விதமாகவும் மிக நுண்ணிய அளவில் சாய்கிறது. அச்சாய்வைக் கொண்டே எந்த எண் அழுத்தப்பட்டது என்பதை எழுபது விழுக்காட்டுக்கு மேல் சரியாக ஊகிக்க முடிந்தது. அதே ஆண்டில் ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தினர், மேசையில் கணினி விசைப்பலகைக்கு அருகே வைத்த ஐபோன் 4, பலகையில் தட்டுவதால் மேசையில் எழும் அதிர்வைக்கொண்டு தட்டப்பட்ட சொற்களை ஊகிக்கும் என்று காட்டினர். இவ்விரண்டும் செயலிகளைப் பற்றிய ஆய்வுகள். செயலியை நிறுவுவதற்குப் பயனர் ஏதேனும் ஒரு முடிவெடுக்கிறார். இணையத்தளத்திலோ ஒரு சுட்டியை அழுத்தினால் போதும். இடையில் எந்த வாயிலும் இல்லை.

என் துறைக்கு மிக நெருங்கியது 2014ஆம் ஆண்டின் ஜைரோஃபோன் ஆய்வு. ஸ்டான்ஃபோர்டின் யான் மிக்கலெவ்ஸ்கி, டான் போனே, இஸ்ரேலின் ரஃபேல் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த கபி நாகிப்லி ஆகியோர் எழுதியது. சுழல்மானியை ஒலிவாங்கியாகப் பயன்படுத்த முடியுமா என்பது வினா. ஆண்ட்ராய்டு அப்போது அவ்வுணரியை நொடிக்கு 200 முறை படிக்க இடமளித்தது. மாதிரியெடுப்புக் கோட்பாட்டின்படி, 200 ஹெர்ட்ஸில் படித்தால் 100 ஹெர்ட்ஸ் வரையிலான அலைகளையே ஐயமற மீட்கலாம். மனிதக் குரலின் அடிப்படை அதிர்வெண் ஆண்களுக்குப் பொதுவாக 85 முதல் 180 வரை, பெண்களுக்கு 165 முதல் 255 வரை. பெரும்பகுதி எல்லைக்கு வெளியே. ஆனால் வெளியே உள்ள அலைகள் மறைந்துவிடுவதில்லை. மடிந்து, கீழ்ப்பட்டையில் வேற்றுருவில் விழுகின்றன. ஒலியியல் வகுப்பில் இதைப் பதிவின் குறைபாடு என்று கற்கிறோம். வடிகட்டியிட்டு நீக்கச் சொல்கிறார்கள். உணரியில் அந்த வடிகட்டி இல்லை. குறைபாடே இங்குச் சான்றாயிற்று. ஒரே பேச்சாளரின் குரலில் ஆங்கில எண்பெயர்களை அறுபத்தைந்து விழுக்காடு வரையிலும், பேசுவோர் ஆணா பெண்ணா என்பதை எண்பத்துநான்கு விழுக்காடு வரையிலும் சரியாகக் கணிக்க முடிந்தது.

இதை மிகைப்படுத்தலாகாது. 2018இல் அபிஷேக் ஆனந்தும் நிதேஷ் சக்சேனாவும் செய்த மறு ஆய்வு, காற்றின் வழி வரும் இயல்பான பேச்சு இவ்வுணரிகளைப் பாதிக்கவில்லை என்றும், ஒலிபெருக்கியும் பேசியும் ஒரே பரப்பில் வைக்கப்படும்போது அப்பரப்பின் வழி கடத்தப்படும் அதிர்வே பதிவாகிறது என்றும் காட்டியது. ஆகவே 'உங்கள் பேசி எல்லாவற்றையும் ஒட்டுக்கேட்கிறது' என்ற பரபரப்புச் செய்திகளுக்கு இவ்வாய்வு சான்றாகாது.

எனினும் ஜைரோஃபோன் கட்டுரையில் ஒரு சிறு செய்தி உண்டு. வரலாற்று நோக்கில் எனக்கு அதுவே முதன்மையாகப் படுகிறது. ஒரே ஆண்ட்ராய்டு கருவியில் ஃபயர்ஃபாக்ஸ் தளங்களுக்கு 200 ஹெர்ட்ஸில் தரவு தந்தது. குரோம் 25 ஹெர்ட்ஸில் தந்தது. ஐபோனின் சஃபாரி 20 ஹெர்ட்ஸில். 20 ஹெர்ட்ஸில் குரலின் சுவடு ஏறத்தாழ ஏதும் எஞ்சுவதில்லை. ஒரு பயனருக்கு ஆபத்து உண்டா இல்லையா என்பதை அவருடைய ஒப்புதல் தீர்மானிக்கவில்லை. எங்கோ ஒரு பொறியாளர் இட்ட எண் தீர்மானித்தது.

அடுத்து மின்கலத்தின் கதை. பேட்டரியில் எவ்வளவு மின்னேற்றம் எஞ்சியுள்ளது என்பதை இணையத்தளம் அறிந்தால், குறைவாக இருக்கும்போது கனமான அசைபடங்களை நிறுத்தி உதவலாம் என்பது நல்லெண்ணம். தனியுரிமை மீதான தாக்கம் மிகச் சிறிது, ஆகவே அனுமதி கேளாமலே தரலாம் என்ற கருத்து அதன் விவரக்குறிப்பிலேயே எழுதப்பட்டிருந்தது. 2015இல் வூகாஷ் ஒலெய்னிக், குனெஷ் அஜர், கிளாட் காஸ்டெல்லூச்சியா, கிளாடியா தியாஸ் ஆகிய நால்வரும் அக்கருத்தைச் சோதித்தனர். லினக்ஸில் இயங்கிய ஃபயர்ஃபாக்ஸ், மின்னேற்ற அளவை இரண்டு இலக்கத்தில் சொல்வதற்குப் பதிலாகப் பத்துக்கு மேற்பட்ட தசம இலக்கங்களோடு சொல்லிக்கொண்டிருந்தது. அத்துடன் தீர்ந்துபோக எஞ்சிய நொடிகளின் எண்ணிக்கையும் கிடைக்கும். இவ்விரண்டையும் சேர்த்தால், குக்கீகளை அழித்துவிட்டு மீண்டும் வருபவரும், மறைவுச் சாளரத்தில் வருபவரும் முன்பு வந்த அதே ஆள்தான் என்று சிறிது நேரத்துக்குள் அடையாளம் காணலாம். அவர்கள் முன்மொழிந்த திருத்தம் வியப்பூட்டும் எளிமையுடையது: தசமத்தைச் சுருக்குங்கள். ஃபயர்ஃபாக்ஸ் சுருக்கியது.

மறு ஆண்டில் பிரின்ஸ்டனின் ஸ்டீவன் எங்கிள்ஹார்ட்டும் அரவிந்த் நாராயணனும் பத்து லட்சம் தளங்களை ஆராய்ந்தபோது, மின்கலத் தரவைக் கருவியை அடையாளம் காணப் பயன்படுத்தும் நிரல்கள் உண்மையிலேயே புழக்கத்தில் இருந்ததைக் கண்டனர். 2017 மார்ச்சில் வந்த ஃபயர்ஃபாக்ஸ் 52, இவ்வசதியை இணையத்தளங்களிடமிருந்து அடியோடு விலக்கியது. சஃபாரியின் அடித்தளமான வெப்கிட்டும் தன் நிரலிலிருந்து நீக்கியது. ஏற்கெனவே வழங்கிய ஒரு வசதியைத் தனியுரிமையை முன்னிட்டு உலாவி திரும்பப் பெறுவது அரிதினும் அரிது. குரோம் மட்டும் வைத்துக்கொண்டது.

இதற்கிடையே நியூகாசில் பல்கலைக்கழகத்தில் மர்யம் மெஹ்ர்நெஜாத் தலைமையிலான குழு, அசைவு உணரிகளைப் பற்றிய பழைய அச்சத்தை இணையத்தளத்துக்குக் கொண்டுவந்தது. ஒரு தாவலில் தீய நிரல் கொண்ட பக்கம் திறந்திருக்கிறது. பயனர் மற்றொரு தாவலில் தம் ரகசிய எண்ணைத் தட்டுகிறார். சில உலாவிகளில் முதல் தாவல் அசைவுகளைத் தொடர்ந்து கேட்டுக்கொண்டே இருந்தது. ஐம்பது நான்கிலக்க எண்களைக் கொண்ட சோதனையில் முதல் முயற்சியிலேயே 74 விழுக்காடும், மூன்றாம் முயற்சிக்குள் 94 விழுக்காடும் சரியாக ஊகிக்கப்பட்டன. ஐம்பது எண்களுக்குள் என்பதை மறவாதிருப்போம். பத்தாயிரம் எண்களுக்குள் அன்று. இக்குழுவின் அறிவிப்பைத் தொடர்ந்து 2016 மார்ச்சில் ஐ.ஓ.எஸ். 9.3, மறைந்திருக்கும் பக்கங்களுக்கு உணரித் தரவை நிறுத்தியது. ஏப்ரலில் ஃபயர்ஃபாக்ஸ் 46, ஒரு பக்கத்துக்குள் பதிக்கப்படும் அயல்தளச் சட்டகங்களுக்கு (பெரும்பாலும் விளம்பரங்கள்) அதை மறுத்தது.

அதே குழு பயனர்களிடம் உணரிகளைப் பற்றியும் கேட்டது. ஒளிப்படக்கருவி, இருப்பிடம் ஆகியவை பற்றி மக்கள் அஞ்சிய அளவுக்கு அசைவு உணரிகளைப் பற்றி அஞ்சவில்லை. தெரியாத பெயரை எவரும் அஞ்சுவதில்லை. தரநிலை எழுதியவர்களின் உள்ளுணர்வும் பொதுமக்களின் உள்ளுணர்வும் ஒரே இடத்தில் பிழைத்தன என்பது கவனிக்கத்தக்கது. ஆகவே இதை வல்லுநரின் அலட்சியம், பாமரரின் அறியாமை என்று பிரித்துப் பேச இயலாது. இரு சாராரும் உணரி எதை அளக்கிறது என்பதைப் பார்த்தனர். அளந்ததிலிருந்து எதை ஊகிக்கலாம் என்பதைப் பார்க்கவில்லை.

பொருள் வெளிப்படையாகவும் தோன்றும், குறிப்பாகவும் தோன்றும் என்று பகுத்தது நம் இலக்கண மரபு. தொல்காப்பியச் சொல்லதிகாரத்திலேயே இப்பகுப்பு உண்டு. முடுக்கமானியின் வெளிப்படைப் பொருள் அசைவு. அதன் குறிப்புப்பொருள் ரகசிய எண். சுழல்மானியின் வெளிப்படைப் பொருள் திருப்பம், குறிப்புப்பொருள் குரல். குறிப்பு, கேட்பவரின் திறனையும் சூழலையும் சார்ந்தது. சொன்னவரின் கட்டுப்பாட்டில் இல்லாதது. உலாவியின் அனுமதிக் கேள்விகள் அனைத்தும் வெளிப்படைப் பொருளையே கேட்கின்றன. அந்த அளவில் அவை பொய்யல்ல. ஆயினும் அவற்றுக்கு 'ஆம்' என்பவர் எதற்கு ஒப்புகிறார் என்பதை அவரோ, கேட்கும் உலாவியோ, சில வேளை கேட்பிக்கும் தளமோகூட அறியாது. இன்று அறியப்படாத ஓர் ஊகமுறை நாளை ஓர் ஆய்வேட்டில் வரலாம்.

இக்குறிப்புப்பொருள் எவ்வளவு தொலைவு செல்லும் என்பதற்கு 2017 ஏப்ரலில் ஒலெய்னிக்கும் ஆர்ட்டூர் யான்ட்ஸும் காட்டியதைவிடச் சிறந்த சான்று இல்லை. சுற்றுப்புற ஒளியை அளக்கும் உணரி, திரையின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க உதவுவது. நீங்கள் முன்பே சென்று வந்த தளத்தின் சுட்டி ஒரு நிறத்திலும், செல்லாத தளத்தின் சுட்டி வேறு நிறத்திலும் தெரியும். எந்த நிறம் தெரிகிறது என்பதைத் தளம் படிக்கக் கூடாது என்று 2010 முதலே உலாவிகள் தடுத்துவந்தன. ஆனால் அச்சுட்டியைத் திரை முழுதும் நிரம்புமாறு பெரிதாக்கினால், வெள்ளையா கறுப்பா என்பதற்கேற்ப அறையின் வெளிச்சம் மாறும். முகத்திலும் சுவரிலும் பட்டுத் திரும்பும் அவ்வொளியை உணரி அளக்கும். தளம் உணரியைப் படிக்கும். நேரே படிக்க மறுக்கப்பட்டது பயனரின் முகத்தில் பட்டுத் திரும்பி வந்துவிடுகிறது. பின்னர் ஃபயர்ஃபாக்ஸ் இவ்வுணரியை இயல்பில் அணைத்துவைத்தது. குரோமின் வடிவமைப்பில் இவ்வளவு 50 லக்ஸின் மடங்குகளாக முழுமையாக்கப்படுகிறது.

2018இல் அனுபம் தாஸ், குனெஷ் அஜர், நிகிதா போரிசோவ், அமோக் பிரதீப் ஆகியோர் முன்னணித் தளங்கள் ஒரு லட்சத்தைத் துழாவியபோது, 3,695 தளங்களில் உணரியைப் படிக்கும் நிரல்கள் இருந்தன. விளையாட்டுக்கும் வரைபடத்துக்கும் மட்டுமல்ல. வந்திருப்பது மனிதரா இயந்திரமா என்று சோதிக்கவும், கருவிகளை அடையாளம் காணவும் அவை பயன்பட்டன.

பின்னர் கேம்பிரிட்ஜின் ஜியெக்சின் ஜாங், அலஸ்டேர் பெரஸ்ஃபர்ட், மற்றும் இயன் ஷெரெட் ஆகியோரின் சென்சார்ஐடி ஆய்வு. உயர்தரப் பேசிகளின் உணரிகளைத் தொழிற்சாலையிலேயே ஒவ்வொன்றாக அளவொப்பிட்டுத் திருத்துகிறார்கள். அத்திருத்த எண்கள் கருவிக்குக் கருவி வேறானவை. ஒரு நொடிக்கும் குறைந்த நேரத்துத் தரவிலிருந்து அவற்றை மீட்டெடுக்கலாம் என்று இவர்கள் காட்டினர். பேசியை முழுவதும் அழித்துத் தொடக்கநிலைக்குக் கொண்டுசென்றாலும் அவை மாறுவதில்லை. அதிக அக்கறையோடு செய்த கருவியே அதிகம் காட்டிக்கொடுத்தது என்பது இதன் முரண். ஆப்பிள் 2019 மார்ச்சில் ஐ.ஓ.எஸ். 12.2இல் உணரி வெளியீட்டோடு சிறிது தற்போக்கு இரைச்சலைக் கலந்து இதைத் தீர்த்தது. அதே பதிப்பில் சஃபாரியின் அசைவுத் தரவையும் இயல்பில் அணைத்தது. செப்டம்பரில் வந்த ஐ.ஓ.எஸ். 13இல்தான் அந்தக் கேள்வி பிறந்தது: இத்தளம் அசைவையும் திசையமைவையும் அணுக விரும்புகிறது.

இக்கேள்வியை வரவேற்கிறேன், ஆனால் இதையே தீர்வென்று கொள்ள என் மனம் இசையவில்லை. மேலே சொன்னவற்றைத் திரும்பிப் பார்த்தால் ஒரு பாங்கு தெரிகிறது. மின்கலத்துக்குத் தசமச் சுருக்கம், சுழல்மானிக்குக் குறைந்த ஹெர்ட்ஸ், ஒளிக்கு 50 லக்ஸ், அளவொப்பீட்டுக்கு இரைச்சல், பின்னணித் தாவலுக்குத் தடை. இவற்றில் ஒன்றேனும் பயனரின் மொழித்திறனை நம்பவில்லை. படிக்கத் தெரியாதவரையும், படிக்க நேரமில்லாதவரையும், ஆங்கிலமறியாதவரையும் இவை ஒரே அளவில் காத்தன. பொறியாளர்கள் தரப்பில் சொல்லப்படும் மறுப்பு ஒன்றுண்டு: துல்லியத்தைக் குறைத்தால் நேர்மையான பயன்பாடுகளும் கெடும். மெய்தான். ஆனால் நொடிக்கு 200 முறை படித்தாலன்றி இயங்காத நேர்மையான இணையத்தளம் மிக அரிது. அப்படிப்பட்ட ஒன்று வரும்போது கேள்வி கேட்கலாம். ஆண்ட்ராய்டு 12, செயலிகளுக்கு 200 ஹெர்ட்ஸுக்கு மேல் வேண்டுமெனில் தனி அறிவிப்பு வேண்டும் என்று வைத்தது இந்நெறியையே ஒட்டியது.

இந்தியாவுக்கு வருவோம். 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் தனியுரிமை அடிப்படை உரிமையே என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். 2023இன் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அதன்பின் வந்தது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. சட்டத்தின் முதுகெலும்பு அறிவிப்பும் ஒப்புதலும். அறிவிப்பை ஆங்கிலத்திலோ எட்டாம் அட்டவணையின் 22 மொழிகளில் ஒன்றிலோ பெறும் வாய்ப்பைத் தர வேண்டும் என்கிறது. மொழியியலாளர்கள் மகிழ வேண்டிய விதி, நானும் மகிழ்கிறேன். குறிப்பிட்ட நோக்கத்துக்குத் தேவையான தரவுக்கு மட்டுமே ஒப்புதல் செல்லும் என்ற ஆறாம் பிரிவு அதனினும் வலிது. அதை விளக்கச் சட்டமே ஓர் எடுத்துக்காட்டைத் தருகிறது: தொலைமருத்துவச் செயலி ஒன்று பயனரின் தொடர்பு எண்களின் பட்டியலையும் கேட்கிறது, அவர் இசைந்தாலும், மருத்துவத்துக்கு அது தேவையில்லையாதலால் அந்த இசைவு செல்லாது.

நல்ல எடுத்துக்காட்டு. ஆனால் தொடர்புப் பட்டியல் எல்லாருக்கும் பெயர் தெரிந்த பொருள். வெளிப்படைப் பொருளும் குறிப்புப்பொருளும் அதில் ஏறத்தாழ ஒன்றே. மூன்று அச்சுகளின் மூன்று எண்கள், சட்டம் வரையறுக்கும் 'தனிநபர் தரவு' ஆகுமா? ஒருவரை அடையாளம் காணத்தக்க தரவே அது என்கிறது வரையறை. சென்சார்ஐடிக்கு முன் கேட்டிருந்தால் பெரும்பாலோர் ஆகாது என்றிருப்பர். அதற்குப்பின் ஆகும் என்பர். எண்கள் மாறவில்லை, அவற்றைப் படிக்கும் கலை மாறியது. தரவின் வகையைக்கொண்டு எழுதப்பட்ட எந்தச் சட்டமும் இங்குத் தடுமாறும். 'திசையமைவு' என்பதை 22 மொழிகளிலும் பிழையற மொழிபெயர்த்துவிடலாம். அந்த 22 அறிவிப்புகளில் ஒன்றுகூட ரகசிய எண்ணைப் பற்றிச் சொல்லப்போவதில்லை. எந்த மொழியில் கேட்பது என்பதோடு, எவ்வளவு துல்லியத்தில் தருவது என்பதையும் விதிகள் பேச வேண்டும் என்பதே என் கோரிக்கை.

நடைமுறை நிலவரத்தைச் சொல்லி முடிக்கிறேன். நம் நாட்டில் புழங்கும் திறன்பேசிகளில் மிகப் பெரும்பான்மை ஆண்ட்ராய்டு. அதில் குரோம் உலாவி, அசைவு உணரிகளை இணையத்தளங்களுக்கு இன்றும் இயல்பிலேயே திறந்துவைத்திருக்கிறது. ஆப்பிள் 2019இல் வைத்த கேள்வி அங்கில்லை. வேகத்தைக் கட்டுப்படுத்தி வைத்திருப்பது ஓரளவு ஆறுதல். குரோமின் அமைப்புகளில் 'தள அமைப்புகள்' என்ற பகுதியைத் திறந்தால் அசைவு உணரிகளுக்கென ஒரு வரி இருக்கும், அங்கே மூடிவிடலாம். கற்பிப்பவர்கள் வகுப்பில் ஒருமுறை மாணவர்களைக்கொண்டு அதைத் திறக்கச் செய்து, அவரவர் பேசி எந்த மொழியில் இருக்கிறதோ அந்த மொழியில் அவ்வரியை எவ்வாறு புரிந்துகொள்கிறார்கள் என்று எழுதச் சொல்லுங்கள். கிடைக்கும் விடைகளை எனக்கும் அனுப்பினால் மகிழ்வேன்.